பதினேழாவது கேள்வி

முப்பது கேள்விகளில் இருபத்தொன்பதுக்குச் சித்தப்பா பதில் எழுதிவிட்டார். பட்டறையில் எத்தனை லேத், எத்தனை ஆள், மாதம் எத்தனை வால்வு, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், எல்லாவற்றுக்கும் தன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் ஒழுங்காக எழுதினார். பதினேழாவது கட்டத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

முக்கியமான உதிரிப் பாகம் எது, அதை யாரிடம் வாங்குகிறீர்கள், முகவரி என்ன என்று கேட்டது அந்தக் கேள்வி.

"இதை விட்டுட்டீங்களே சித்தப்பா" என்றாள் அவள்.

"விட்டுடல. எழுதல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல பாப்பா. இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். உன் சித்திகிட்டகூட இதைச் சொன்னதில்ல."

"நான் கேட்டதும் இல்ல" என்று வீட்டுக்குள்ளிருந்து சித்தியின் குரல் வந்தது. பட்டறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. நான்கு லேத்தும் ஒரே நேரத்தில் ஓடினால் சமையலறையில் தட்டுகள் தாளம் போடும். அன்று விடுமுறை நாள் என்பதால் இயந்திரங்கள் நின்றிருந்தன. தரையில் பித்தளைச் சுருள்கள் கூட்டப்படாமல் கிடந்தன.

அவள் அன்று அண்ணன் மகளாக மட்டும் வந்திருக்கவில்லை. விநியோகப் பாதுகாப்புப் பிரிவின் கணக்கெடுப்பு அதிகாரியாகவும் வந்திருந்தாள். அந்தப் பிரிவை அரசாங்கம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய வருடம் தூரத்தில் எங்கேயோ இரண்டு நாடுகள் மோதிக்கொண்டதில் கடல்வழி அடைபட்டு, எழுபது நாள் துறைமுகத்துக்குக் கப்பலே வரவில்லை. ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை, சிலிண்டர்களுக்கும் பஞ்சமில்லை. சிலிண்டரின் தலையில் திருகி மூடித் திறக்கும் வால்வுதான் இல்லை. கை அளவுப் பித்தளைத் துண்டு ஒன்று தேய்ந்துபோனதற்காக, நிறைந்த சிலிண்டர்கள் வராந்தாவில் சும்மா நின்றன. அப்போது சித்தப்பாவும் வேறு சில பட்டறைக்காரர்களும் ஷிப்டு போட்டு வால்வு கடைந்து கொடுத்தார்கள். இப்படிச் சில பேர் நாட்டில் இருக்கிறார்கள் என்பதே அரசாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு முறை இப்படி மாட்டிக்கொள்ளக்கூடாது, எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று வரைபடம் போட வேண்டும், எந்தக் கண்ணி அறுந்தாலும் அடுத்த கண்ணி தயாராக இருக்க வேண்டும் என்று முடிவானது. புள்ளியியல் துறையில் ஃபைல்களோடு மாரடித்துக்கொண்டிருந்தவளை இயக்குநரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். "பட்டறையில வளர்ந்த பொண்ணு நீங்க. உங்ககிட்டதான் அவங்க வாயைத் திறப்பாங்க" என்றார்.

அது உண்மைதான். அவள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தொடங்கிய பட்டறை அது. அவள் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்துபோனார். மீதிப் படிப்பைப் படிக்க வைத்தது சித்தப்பாவின் லேத்துதான்.

"சித்தப்பா, இந்த ஒரு கட்டம்தான் எல்லாத்தையும்விட முக்கியம். நாளைக்கு அந்த ஆளுக்கு ஒண்ணுன்னா, உங்க வால்வு நிக்கும். எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சாதானே ஏதாவது செய்யலாம்?"

"அந்த ஆளோட விலாசம் வெளிய போனா, என் வால்வு நாளைக்கு வரைக்கும்கூடக் காத்திருக்காது."

"வெளிய போகாது. கடைசிப் பக்கத்தைப் பாருங்க. 'இத்தகவல்கள் இப்பிரிவுக்கு வெளியே பகிரப்பட மாட்டா.' எங்க இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்கார்."

சித்தப்பா கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"நான் இருக்கேன்ல?" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். வால்வுக்குள் உட்கார்ந்து காற்றை அடைக்கும் வெள்ளை வாஷர். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனில் அது இறுகவும் கூடாது, தீப்பிடிக்கவும் கூடாது. அந்தக் கலவை தெரிந்தவர் ஒருவர்தான். பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு வேலையை உதறிவந்தவர். வாஷர் வாத்தியார் என்றால்தான் தெரியும். சித்தப்பா சொல்லச் சொல்ல, குறிப்பு என்ற இடத்தில் அவளே எழுதினாள்: 'பெயர்ப்பலகை கிடையாது. பால் பூத்துக்குப் பின்னால், பச்சைக் கதவு.'

இப்படி நாற்பத்தொரு பட்டறைகளில் எழுதி வாங்கினாள். டயாலிசிஸ் குழாய்க்கு இணைப்பு செய்பவர், தண்ணீர் சுத்திகரிக்கும் பம்புக்கு சீல் செய்பவர், பாதுகாப்பு வால்வுக்கு ஸ்பிரிங் சுற்றும் பெண் என்று ஒவ்வொருவரும் முதலில் மழுப்பினார்கள். வால்வுக்காரரின் அண்ணன் மகள் என்று தெரிந்ததும் எழுதினார்கள்.

இயக்குநர் ஒருமுறை சித்தப்பாவின் பட்டறைக்கே வந்தார். லேத்துக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று, சட்டையில் பித்தளைத்தூள் ஒட்டியதைக்கூடத் தட்டிவிடாமல், கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அவர் போன பிறகு சித்தப்பா, "விஷயம் தெரிஞ்ச மனுஷன்" என்று சொன்னார். சித்தப்பா வாயால் அப்படிப் பேர் வாங்குவது சாமானியமில்லை. அவளுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் புதுப் படிவம் ஒன்று வந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்காகக் கட்டத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கு, அவ்வளவுதான்மா" என்றார் இயக்குநர். "பழைய பதிலையே எடுத்து எழுதிட்டு, கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

அவள் ஒரு வாரத்தில் நாற்பத்தொரு பேரிடமும் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்கினாள். யாரும் படிக்கவில்லை. சித்தப்பா, லேத்தை நிறுத்தாமலே இடது கையால் காகிதத்தைப் பிடித்து வலது கையால் கிறுக்கினார். அவளும் படிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பெரிய அரங்கில் ஒரு கூட்டம் நடந்தது. அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், பெரிய நிறுவனம் ஒன்றின் ஆட்கள். அந்த நிறுவனம்தான் இனி 'திட்டப் பங்காளர்' என்று மேடையில் அறிவித்தார்கள். அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தாள். ஒரே இடத்தை நம்பாமல் சிறு பட்டறைகள் பலவற்றுக்கும் கைகொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

நிறுவனத்தின் மேலாளர் மைக்கைப் பிடித்தார். பார்க்க நல்ல மனிதர், சிரித்த முகம். ஆக்சிஜன் வால்வை இனி முழுக்க முழுக்கத் தங்கள் தொழிற்சாலையிலேயே செய்யப் போவதாகச் சொன்னார்.

"வாஷர் எங்க கிடைக்கும்னு சில பேர் கேட்டாங்க. அந்தக் கவலையே வேண்டாம். வாஷர் வாத்தியாரையே எங்க குடும்பத்துல சேர்த்துக்கிட்டோம்" என்று சிரித்தார்.

அரங்கமும் சிரித்தது. திரையில் ஒரு புகைப்படம் வந்தது. பச்சைக் கதவு.

அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கதவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றுதான் நினைத்தாள். பார்த்ததில்லை, தான் எழுதியது என்று பிறகுதான் புரிந்தது. அடுத்தடுத்த படங்களில் பம்பு சீல், குழாய் இணைப்பு என்று வந்தன. எல்லாம் அவள் நடந்து நடந்து எழுதிய இடங்கள். படங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகளில் அவள் செய்த ஓர் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நம்ம படிவம் எப்படி சார் அவங்க கைக்குப் போச்சு?"

"போகலம்மா. கொடுத்தோம்."

"வெளிய போகாதுன்னு நாம எழுதிக் கொடுத்திருக்கோம்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். 'இத்தகவல்கள் திட்டப் பங்காளர்கள் தவிர, இப்பிரிவுக்கு வெளியே பகிரப்பட மாட்டா.' மூன்றே வார்த்தைகள் கூடியிருந்தன. கீழே சித்தப்பாவின் கிறுக்கல். அதற்குக் கீழே சாட்சியாக அவள் கையெழுத்து.

"கட்டம் மட்டும்தான் மாறியிருக்குன்னு சொன்னீங்க."

"இங்க பாருங்க. உங்க சித்தப்பா திறமைசாலி. நானே பாத்தேன். ஆனா ஒரு நாட்டை நாலு லேத்தை நம்பி விட முடியுமா?"

"ஒரு கம்பெனியை நம்பி விடலாமா சார்? நாப்பத்தோரு இடம் இருந்தாத்தான் பலம்னு அறிக்கையில எழுதினோம். நீங்கதான் திருத்திக் கொடுத்தீங்க."

"அறிக்கை நல்லா இருந்துச்சு. ஆனா மேல உள்ளவங்களுக்கு ஒரு பெரிய பேரு வேணும், ஒரு திறப்பு விழா வேணும். நாப்பத்தோரு பட்டறைக்கு யாரும்மா ரிப்பன் வெட்டுவாங்க?" அவர் குரலில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் இதை எதிர்த்திருந்தா பிரிவையே இழுத்து மூடியிருப்பாங்க. உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு தெரியும். அதனாலதான் சொல்லல."

அவளுக்காகத்தான் மறைத்தாராம். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். அறுக்கிறவர் இவ்வளவு பரிவாகப் பேசுவார் என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனாள். நான்கு லேத்தில் இரண்டின்மேல் துணி போர்த்தியிருந்தது. ஆட்களில் இருவரைக் காணோம். சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய வால்வு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்க" என்றார்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவர் அவளை 'வா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"சித்தப்பா, நேத்துதான் எனக்குத் தெரியும்."

"எனக்கு மூணு வாரமாத் தெரியும். வாத்தியாரே வந்தார். உள்ள வரல, வெளியவே நின்னு சொன்னார். வேற யாருக்கும் வாஷர் கொடுக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்களாம். அவர்மேல தப்பில்ல. கதவைத் தட்டி, உங்களைத் தேடி வந்திருக்கோம்னு பெரிய ஆளுங்க சொன்னா, மனுஷனுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்." வால்வின் தண்டைத் துணியால் துடைத்தார். "யார் விலாசம் கொடுத்தாங்கன்னு அவர் என்கிட்டக் கேட்டார். விலாசம் தெரிஞ்சது என்னைத் தவிர ஒரு ஆளுக்குத்தான். மூணு வாரமா, இன்னிக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"மூணு வாரமா நான்தான் கொடுத்துட்டேன்னு நினைச்சிட்டிருந்தீங்களா?"

"வேற என்ன நினைக்கச் சொல்ற?"

நடந்ததை எல்லாம் சொன்னாள். புதுப் படிவம், கூடிப்போன மூன்று வார்த்தைகள், பச்சைக் கதவின் படம்.

"ஆக, படிக்காம என்கிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கே."

"ஆமா."

"நீ தெரிஞ்சு செஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிருப்பேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் படிக்கல, ஏன்னா நீ கொண்டுவந்தே. நீ ஏன் படிக்கல?"

இயக்குநர் கொடுத்தார், அதனால் அவளும் படிக்கவில்லை.

சித்தி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா கேட்டார். "மொத்தம் எத்தனை பேர்கிட்ட வாங்கினே?"

"நாப்பத்தோரு பேர்."

"எனக்குச் சொல்லிட்டே. மீதிப் பேருக்கும் போய்ச் சொல்லு. கம்பெனிக்காரன் வந்து கதவைத் தட்டறதுக்கு முன்னாடி உன் வாயால அவங்க தெரிஞ்சுக்கட்டும்."

அவள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். எழுதி வாங்கியபோது இருந்த கால்கள்தான். இப்போது ஒவ்வொரு படியும் கனத்தது. பன்னிரண்டு பேரை நிறுவனம் ஏற்கெனவே பிடித்திருந்தது. குழாய் இணைப்புக்காரர் அவளை உள்ளே விடவில்லை. பம்பு சீல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்றியேம்மா, இதையும் எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்குவியா?" என்றார். ஒருவர் பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியாக ஸ்பிரிங் சுற்றும் பெண்ணிடம் போனாள். ஸ்பிரிங் அக்கா என்றுதான் அந்தத் தெருவில் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்று இயந்திரங்களையும் ஒற்றை ஆளாக மேய்ப்பவள். அக்கா முழுக்கதையையும் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்கிட்டயும் வந்தாங்க. ரெண்டு பேர், நல்ல கார். கம்பி கொடுக்கிறவரைப் பாத்தீங்களான்னு கேட்டேன். தேடிக்கிட்டிருக்கோம்னாங்க." சிரித்துவிட்டாள். "நல்லாத் தேடட்டும். அந்தக் கடையை மூடி ஆறு வருஷமாச்சு."

"அக்கா, படிவத்துல தப்பான விலாசமா எழுதினீங்க?"

"பின்ன? சோறு போடற விலாசத்தை யாராவது எழுதிக் கொடுப்பாங்களா? உன்னைப் பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரிஞ்சுது. ஆனா உனக்கு மேல யார் இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் படிவத்தில் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை வைத்தவள் அவள்தான். அந்தக் கம்பிக்கடைக்கு நேரில் போகவே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து நம்பியிருந்தாள். நாற்பத்தொரு பேரில் முழுசாகத் தப்பித்தது, தன்னை நம்பாத ஒருத்திதான் என்று நினைத்தபோது, அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருபத்தைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து மேலிடத்துக்கு மனு கொடுத்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்தது யார் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. விசாரணை நடந்தது. படிவத்தில் கையெழுத்து இருப்பதால் விதிமீறல் ஏதுமில்லை என்று ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. அவளுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வேறொரு துறையின் ஆவண அறையில், ஜன்னல் இல்லாத மூலை. விடைபெறப் போனபோது இயக்குநர் எழுந்து நின்று, "நீங்க நேர்மையானவங்க" என்றார். அவள் வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடம் போனது. சித்தப்பா இரண்டு லேத்தை விற்றுவிட்டார். தோட்டத்துப் பம்புகளைப் பழுதுபார்த்து நாளை ஓட்டினார். வாரா வாரம் அவள் போவாள், அவரும் பேசுவார். 'வாங்க' மறைந்து பழையபடி 'வா' வந்துவிட்டது. தொழிலைப் பற்றிய பேச்சு மட்டும் அவள் தலையைக் கண்டதும் நின்றுவிடும்.

ஒருநாள் ஸ்பிரிங் அக்கா போன் செய்து வரச் சொன்னாள். போனபோது மேஜைமேல் நிறுவனத்தின் புது வால்வு ஒன்று பிரித்துவைக்கப்பட்டிருந்தது.

"வாஷரைப் பாரு."

வெள்ளையாக இல்லை, லேசான சாம்பல் நிறம்.

"வாத்தியார்கிட்டக் கலவையைக் கத்துக்கிட்டு, ஆறே மாசத்துல அவரைக் கைகழுவிட்டாங்க. இப்ப வாஷரை வெளிநாட்டுல இருக்கிற அவங்க இன்னொரு தொழிற்சாலையில அச்சடிச்சுக் கப்பல்ல கொண்டுவராங்க. அதே துறைமுகம் வழியா."

அவள் வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுபது நாள் கப்பல் வராததால்தானே இவ்வளவும் தொடங்கியது? அந்த எழுபது நாளுக்குப் பதில் தேடித்தானே சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள்? தன்னை ஏமாற்றியதைக்கூட ஒருவழியாகச் செரித்திருந்தாள். இதைச் செரிக்க முடியவில்லை. வராந்தாவில் வால்வில்லாமல் நின்ற சிலிண்டர்களையும் சேர்த்தல்லவா ஏமாற்றியிருக்கிறார்கள்?

"வாத்தியார் இப்ப என்ன செய்யறார்?"

"பச்சைக் கதவைப் பூட்டிட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டார். கண்ணும் சரியில்லையாம்." அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இன்னொரு ஆள் இருக்கா. அவர்கிட்டப் படிச்ச பொண்ணு. சின்னதா அச்சு வச்சிருக்கா. பேரைச் சொல்றேன், இடத்தைச் சொல்றேன். உங்க சித்தப்பாவுக்கு மட்டும். எழுதிக்காத."

அவள் கைப்பைக்குள் போன கையை வெளியே எடுத்தாள்.

வாஷர் உடனே அமைந்துவிடவில்லை. முதல் மாதிரி இறுகிப்போனது. இரண்டாவது ஒழுகியது. சித்தப்பா ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள், வால்வைச் சின்ன சிலிண்டர் ஒன்றில் பூட்டி அழுத்தம் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாக இறக்கினார்கள். அவரும் அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசிந்தால் குமிழி வரும். பத்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"நின்னுடுச்சு சித்தப்பா" என்றாள்.

"ம்" என்றார். அவர் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிச்சி இருந்தது.

அந்தத் தெளிச்சி கொடுத்த தைரியத்தில் அவள் கேட்டாள். "முதல் ஈடு வால்வு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுது?"

சித்தப்பா ஈரக் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"அனுப்பும்போது பாத்துக்கலாம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வெளியாட்கள் யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில்தான் அது. குரல்கூட அதே குரல். சொன்னபிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும்; சட்டென்று குனிந்து சிலிண்டரைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

தொட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை அவள் பிடித்தாள். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீரைக் கொல்லைப்புறச் சாக்கடையில் கவிழ்த்தார்கள்.